வாடகைக்காரரைக் காலி செய்ய வைக்கும் முன்...

கோட்டாறு கடைத்தெருவில் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம். நாகர்கோவில் மாநகராட்சிக்குள் இருக்கும் கோட்டாறுக்கும் அது பொருந்தும்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் கைகொடுக்காது.

இரண்டு மாத வாடகை நின்றால் வெளியேற்றக் கேட்கலாம். ஆனால் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணம் செல்லாது. உங்கள் அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, வீடு உங்களுக்கே தேவைப்படுவது ஆகியவையும் காரணங்கள்தான். எதுவானாலும் உத்தரவு போட வேண்டியது வாடகை நீதிமன்றம்.

கோபத்தில் பியூஸ் கட்டையைப் பிடுங்குவது, மோட்டார் சுவிட்சை அணைத்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாமல் செய்வது, வேறு பூட்டுப் போடுவது எல்லாம் கூடவே கூடாது. மின்சாரம், தண்ணீரை நிறுத்தினால் வாடகைக்காரர் வாடகை அதிகாரியிடம் போகலாம். திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்துவது சட்டத்துக்கு முன்பே மனசாட்சிக்குத் தப்பு.

வீட்டைப் பார்க்கப் போவதென்றாலும் 24 மணி நேரம் முன்னதாக எழுதித் தெரிவியுங்கள்.

குத்தகை முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதேபோல், வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.