குடிபெயரும் இயங்குதளம்

கணிப்பொறி உடல் என்றால், அதற்கு உயிரூட்டுவது இயங்குதளம் எனலாம். விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டையும் ஒரே கணிப்பொறியில் நிறுவி, அதை இயக்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் முறைக்கு 'டூயல் பூட்' என்று பெயர். இது நமக்குப் புதியதன்று. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவ மாணவியருக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது.

இன்று இம்முறையின் பயன் மிகுந்துள்ளது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எல்லாப் பெற்றோராலும் உடனே புதியது வாங்க இயலுமா? இணையத்திற்கு லினக்ஸும், பழகிய மென்பொருள்களுக்கு விண்டோஸும் என்று வைத்துக்கொண்டால், பழைய கணிப்பொறி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

வீட்டுக் கணிப்பொறியின் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்களும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன என்று கொள்வோம். சுழலும் தட்டுகள் இல்லாத, விரைவான எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, லினக்ஸை மட்டும் அதற்கு மாற்ற விரும்புகிறோம். கோப்புகளை நகலெடுத்தால் போதாதா? போதாது தோழியரே! வீடு மாறுவோர் சாமான்களை ஏற்றிச் சென்றால் மட்டும் போதுமா? குடும்ப அட்டையில் முகவரியையும் மாற்ற வேண்டுமன்றோ? இயங்குதளத்திற்கும் அப்படியே.

முதலாவது, பாதுகாப்பு. புகைப்படங்கள், சான்றிதழ்கள், பாடக் குறிப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல் நகலே அன்று. விண்டோஸில் 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நகலெடுத்தல். ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றின் வழியே கணிப்பொறியை இயக்கி, டிஸ்க்கிலுள்ள லினக்ஸ் உறங்கும்போது நகலெடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் இரு பகுதிகள் வேண்டும்: இன்றைய யு.இ.எஃப்.ஐ. கணிப்பொறிகள் தொடக்க நிரலைத் தேடும் சிறிய 'ஃபேட்32' பகுதி ஒன்று. லினக்ஸுக்கான பெரிய பகுதி மற்றொன்று. சுட்டியால் இழுத்துப் போட்டு நகலெடுத்தால் கோப்புகளின் உரிமைக் குறிப்புகள் மாறிவிடும். அவற்றைக் காக்கும் 'ஆர்சிங்க்' போன்ற கருவியையே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, முகவரி மாற்றம். ஒவ்வொரு பகுதிக்கும் 'யு.யு.ஐ.டி.' என்ற தனி அடையாளம் உண்டு. லினக்ஸ் தன் இருப்பிடத்தை 'எஃப்எஸ்டேப்' என்னும் கோப்பில் இந்த அடையாளத்தால் குறித்து வைக்கிறது. அதில் புதிய அடையாளத்தை எழுதாவிட்டால், அது பழைய வீட்டையே தேடிப் போகும்.

நான்காவது, வாயிற்காவலர். கணிப்பொறி இயங்கியதும் எந்த இயங்குதளம் வேண்டுமென்று கேட்பது 'கிரப்' என்னும் நிரல். அதனை எஸ்.எஸ்.டி.யில் புதிதாக நிறுவ வேண்டும். 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டுள்ளது. பட்டியலில் விண்டோஸ் காணப்படாவிட்டால் அஞ்ச வேண்டாம். அவ்வசதியை அமைப்புக் கோப்பில் இயக்கி, பட்டியலைப் புதுப்பித்தால் போதும். பின்னர், எஸ்.எஸ்.டி.யிலிருந்தே முதலில் தொடங்குமாறு யு.இ.எஃப்.ஐ. அமைப்பில் வரிசையை மாற்ற வேண்டும்.

ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. லினக்ஸ் கணிப்பொறியின் உட்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸோ அதை உள்ளூர் நேரமாகக் கொள்ளும். இதனால் விண்டோஸில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கித் தோன்றலாம். இது பழுதன்று, லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் பழைய லினக்ஸை உடனே அழித்துவிடலாமா? கூடாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர். இரண்டு இயங்குதளங்களையும் ஓரிரு வாரம் மாறி மாறி இயக்கிப் பார்த்த பின்னரே பழையதை நீக்க வேண்டும். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் நிறுவலாம். மறைந்த பாட்டியின் குரல் பதிவை எந்தக் கடையில் வாங்க முடியும்? புதிய வீட்டில் விளக்கு எரிவதைக் கண்ட பின்பே பழைய வீட்டின் சாவியை ஒப்படைப்போம்.