கட்டிய படகுக்கும் காவல் வேண்டும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரைத் துறைமுகங்களில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக் கிடக்கும். காசிமேட்டில் ஒரு படகில் ஏறியவர் அப்படியே அடுத்தடுத்த படகுக்குக் கால் மாற்றிப் போய்விடலாம். திருட வருபவருக்கும் அதே வசதிதான்!

• ஜிபிஎஸ், வயர்லெஸ், பேட்டரி மூன்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. ஃபைபர் படகு என்றால் வெளிப்புற எஞ்சினையும் விட்டுவைக்கக் கூடாது.

• சாதா இரும்புப் பூட்டை உப்புக் காற்று அரித்துவிடும். ஒரு தட்டுத் தட்டினால் கையோடு வந்துவிடும். பித்தளைப் பூட்டு தாக்குப்பிடிக்கும். அவ்வப்போது துளி எண்ணெய் விட வேண்டும்.

• ஏறுபலகையை இரவில் உள்ளே இழுத்துவிட வேண்டும்.

• ஆள் நடமாட்டம் கண்டால் எரியும் சோலார் விளக்கு ஒன்று போதும், பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள்.

• டீசல் டேங்க் மூடிக்கும் பூட்டு அவசியம்.

• எஞ்சின் எண், படகுப் பதிவெண் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்தால் புகார் கொடுக்கும்போது கைகொடுக்கும்.

பக்கத்துப் படகுக்காரர்கள் சேர்ந்து முறைவைத்து இரவுக்காவல் இருந்தால் செலவும் குறையும், தூக்கமும் கெடாது.

அந்நியர் யாராவது தென்பட்டால் தனியாகப் போய் மல்லுக்கு நிற்க வேண்டாம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டணமில்லா எண்: 1093.