வெளிச்சத்தைக் குறைத்தால் விடை சரியாகும்

தூண்டிய பொருள் சராசரியாக எவ்வளவு நேரம் ஒளிர்கிறது என்பதை, அதாவது ஒளிர்வாயுளை, அளக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது லேசரின் வலிமையில்தான். அதைக் கூட்டினால் எண்ணிக்கை சரசரவென்று ஏறும், வளைகோடு வழவழப்பாக வரும், வேலையும் சீக்கிரம் முடியும். கிடைக்கும் எண் மட்டும் தவறாக இருக்கும்.

இந்த அளவீட்டு முறைக்கு 1961இல் அடித்தளம் இட்டவர்கள் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த பொலிஞ்சரும் தாமஸும். கதிர்வீச்சு பட்டால் மினுங்கும் பொருள்களில் ஒளி எப்படித் தணிகிறது என்பதை ஒற்றை ஃபோட்டான்களைப் பிடித்து அளந்தார்கள். இன்று தூண்டுவதற்கு லேசர் வந்துவிட்டது, அடிப்படை மாறவில்லை. ஒரு துடிப்பு போகிறது. அதன்பின் எத்தனை நானோநொடியில் ஒரு ஃபோட்டான் வந்து சேர்ந்தது என்று கருவி குறித்துக்கொள்கிறது. லட்சக்கணக்கில் குறித்த நேரங்களை அடுக்கினால், அதுவே ஒளி தணியும் வளைகோடு.

சிக்கல் இங்கேதான். முதலில் வருபவர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு கதவைச் சாத்திவிடும் காவலாளியைப் போன்றது வழக்கமான மின்சுற்று. ஒரே துடிப்பில் இரண்டு ஃபோட்டான்கள் வந்தால் பிந்தியது கணக்கில் சேராது. துடிப்புக்குச் சராசரியாக ஒரு ஃபோட்டான் வருமளவுக்கு ஒளியைக் கூட்டினால், பதிவாகும் துடிப்புகளில் ஏறக்குறைய 42 விழுக்காட்டில் இப்படி இழப்பு நேரும். முந்தி வந்தவை மட்டுமே மிஞ்சுவதால் ஆயுள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். சராசரியை நூறு துடிப்புக்கு ஒன்று என்று இறக்கினால் இழப்பு அரை விழுக்காடுதான். 40 மெகாஹெர்ட்ஸ் லேசரில் அது நொடிக்கு 4 லட்சம் எண்ணிக்கை. அதற்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வளைகோட்டின் உச்சியில் 10,000 எண்ணிக்கை சேரும்வரை காத்திருந்தால் அங்கே புள்ளியியல் பிழை ஒரு விழுக்காடாகிவிடும்.

நேரத்தைக் குறிப்பதில் கருவிக்கும் தனக்கென்று ஒரு மங்கல் உண்டு. கூழ்மச் சிலிக்கா போன்ற ஒளி சிதறும் கரைசலை வைத்து அதை அன்றன்றே அளந்துகொள்ள வேண்டும். முந்தைய வாரத்து அளவை எடுத்துப் பொருத்துவது வீண்வேலை. உமிழும் ஒளியின் முன் வைக்கும் முனைவாக்கியை, தூண்டும் ஒளியின் முனைவுத் திசைக்கு 54.7 பாகையில் திருப்பி வைத்தால் மூலக்கூறுகளின் சுழற்சி வளைகோட்டில் கலக்காது.

கரைசலில் கரைந்திருக்கும் காற்றையும் மறக்கக் கூடாது. ஆக்சிஜனை நீக்கிய கரைசலில் பைரீன் நூற்றுக்கணக்கான நானோநொடிகள் ஒளிரும். காற்றோடு விட்டால் அது சில பத்து நானோநொடிகளாகச் சுருங்கிவிடும். அத்தகைய நீண்ட ஆயுளுக்கு 40 மெகாஹெர்ட்ஸ் உதவாது. அங்கே துடிப்புகளின் இடைவெளி 25 நானோநொடிதான். முந்தைய ஒளி தணிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும்.

விடை மேல் ஐயம் வந்தால் ஒளியைப் பாதியாக்கி மீண்டும் அளக்கலாம். ஆயுள் மாறினால் முதல் அளவீட்டில் ஃபோட்டான்கள் தொலைந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். மாறாவிட்டாலும், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஃப்ளோரசீனைக் கரைத்து ஒருமுறை பார்ப்பது நல்லது. ஏறத்தாழ 4 நானோநொடி வர வேண்டும். வராவிட்டால் கருவியைச் சரிசெய்த பிறகே சொந்த மாதிரியை உள்ளே வைக்கலாம்.