புயல் நாளிலும் நர்ஸுக்குப் பசிக்கும்

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுக் கோடையில், கொரோனா இரண்டாம் அலை தமிழ்நாட்டில் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் செங்கல்பட்டும் ஒன்று. இறுதித் தேர்வுக்குக் காத்திருந்த நர்சிங் மாணவர்களையும் கோவிட் பணியில் அமர்த்தலாம் என்று 2021 மே மாதம் மத்திய அரசே வழிகாட்டியது. இப்படிப்பட்ட நாட்களில் வகுப்பு நிற்கும், வார்டு நிற்காது. அதனால்தான் விடுதிகளில் சீனியர் சொல்லி ஜூனியர் கேட்டு வளர்ந்த சில நம்பிக்கைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை 1: தைரியம் பிறவியிலேயே இருக்க வேண்டும். கூச்ச சுபாவத்துக்கு நர்சிங் சரிப்படாது.

உண்மை: 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற எண்ணம் எப்படி உருவாகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நாம் மதிப்பவரின் ஊக்கச் சொல், அப்போதைய உடல்நிலையும் மனநிலையும் என அதற்கு நான்கு ஊற்றுகள். முதலாவதுதான் வலுவானது. பயிற்சிக் கூடத்தின் பொம்மைக் கையில் பட்டை கட்டி, வெயினை விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஊசியைச் சாய்வாக நுழைத்து, ரத்தம் எட்டிப் பார்த்ததும் சாய்வைக் குறைத்துக் குழாயை மட்டும் முன்னே தள்ளத் திரும்பத் திரும்பப் பழகிய மாணவிக்கு, வார்டில் கை நடுங்கினாலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தைரியம் அங்கிருந்துதான் வருகிறது.

நம்பிக்கை 2: நெருக்கடி நேரத்தில் தூக்கம் பார்க்க முடியுமா? எல்லாம் அடங்கியதும் தூங்கிக்கொள்ளலாம்.

உண்மை: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் உச்ச அளவே 0.03 சதவீதம்தான். வண்டி ஓட்டக்கூடாத நிலையில் இருப்பவர் இன்சுலின் அளவைக் கணக்கிடலாமா? நைட் டியூட்டி முடிந்து வந்தால் ஜன்னலை மூடி, போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். விடியும் நேரத்துக் காபியைத் தவிருங்கள். உடலில் சேரும் கஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரமாகும்.

நம்பிக்கை 3: தண்ணீர் குறைத்துக் குடித்தால் டியூட்டியில் பாத்ரூம் தொல்லை இருக்காது.

உண்மை: தண்ணீர் குறைந்தால் தலைவலியும் தலைச்சுற்றலும் வரும், சிறுநீரை அடக்கினால் தொற்று வரலாம். செங்கல்பட்டின் அக்னி நட்சத்திர வெயிலில் இது இன்னும் மோசம். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வார்டில் மயங்கி விழுவது மாணவியின் நம்பிக்கையையும் சேர்த்தே சாய்த்துவிடும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுக் கிளம்புங்கள், பையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும்.

நம்பிக்கை 4: பயம் என்று வாய்விட்டுச் சொன்னால் 'இவள் லாயக்கில்லை' என்பார்கள்.

உண்மை: அவசர நோயாளியைக் கண்டதும் நெஞ்சு படபடப்பது உடல் தயாராகும் விதம். 'எனக்குத் தெரியாது' என்பதற்கான சாட்சியாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் கை ஓய்கிறது. மூச்சை மெதுவாக வெளியே விட்டு, முதல் வேலையைத் தொடங்குங்கள். தெரியாததைக் கேட்கும் மாணவியால் நோயாளிக்கு ஆபத்தில்லை, தெரிந்ததுபோல் நடிப்பவரால்தான் ஆபத்து. ஒரு மரணம் மனதைவிட்டு அகலவில்லை, நாட்கணக்கில் தூக்கமில்லை என்றால் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவச சேவை 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

நம்பிக்கை 5: உடல்நலம் படிப்பவர்களுக்கு நல்ல பழக்கம் தானாக வந்துவிடும்.

உண்மை: தேர்வில் எழுதியது உடம்பில் ஒட்டாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் (தொடக்கத்தில், 1 மாதத்தில், 6 மாதத்தில்) போட்டு முடித்தீர்களா? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சி நடக்கிறதா? கடற்கரைக்குப் போய்த்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஐப்பசி அடைமழையில் விடுதி வராந்தாவே போதும், தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள்.

நெருக்கடி வந்ததும் முதலில் கைவிடப்படுவது இந்தப் பழக்கங்கள்தான். ஆனால் பழகிய கையும் ஓய்ந்து எழுந்த உடம்பும் சேர்ந்தால்தான் தன்னம்பிக்கை. மாணவர்களை மட்டும் திருத்தினால் போதாது. ஆசிரியர்களே, வார்டு சிஸ்டர்களே, டியூட்டிப் பட்டியல் போடும்போது சாப்பாட்டு நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள். தவறு செய்த மாணவியை நோயாளி முன்னால் திட்டாமல் தனியே அழைத்து, அதே வேலையை உங்கள் கண் முன்னால் இன்னொரு முறை செய்ய வையுங்கள். அடுத்த புயலுக்குள் அவர் தேறிவிடுவார்.