கோள்களின் தொடக்கப் புள்ளி

கேள்வி: சூரியக் குடும்பத்தைக் கணினியில் சுழலவிட நிரல் எழுதுகிறேன். கோள்களின் இடமும் வேகமும் துல்லியமாக எங்கே கிடைக்கும்?

பதில்: நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்தும் ‘ஹொரைசன்ஸ்’ சேவையில், அதுவும் இலவசமாக. கோள், நிலவு, வால்மீன் எதற்கும் தேதியைச் சொன்னால் போதும். வானில் தெரியும் திசையைத் தரும் அட்டவணை தொலைநோக்கிக்காரர்களுக்கு. உங்களுக்கு வேண்டியது ‘வெக்டர்’ அட்டவணை. இடத்துக்கு மூன்று எண்கள், திசைவேகத்துக்கு மூன்று எண்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரம், ஒரே மையம் இருக்கட்டும். சூரியனைவிடச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தை மையமாகக் கொள்வதே என் சிபாரிசு. வியாழன் இழுக்கும்போது சூரியனும் அசைகிறதே! ஆகவே சூரியனின் எண்களையும் சேர்த்தே எடுங்கள்.

பூமியின் வேகம் நொடிக்குச் சுமார் 30 கி.மீ. வருகிறதா? ஹொரைசன்ஸ் வானியல் அலகு, நாள் கணக்கில் தந்திருந்தால் அதுவே சுமார் 0.0172. இரண்டும் கலந்துவிட்டால் கோள்கள் சிதறி ஓடும்.

அலகு சரியாக இருந்தும் புதன் சுருள்சுருளாக விலகிப்போனால் தரவைத் திட்டாதீர்கள். அது, கோள்களை நேரப்படி படிப்படியாக நகர்த்தும் எளிய ஆய்லர் கணக்கீட்டு முறையின் கைங்கரியம். ‘லீப்ஃபிராக்’ முறைக்கு மாறுங்கள். புதன் 88 நாளில் ஒரு சுற்று முடிப்பதால், நேர இடைவெளியைச் சில மணிகளாகக் குறையுங்கள்.