சில்வியாவின் இன்ஜின் போனால்: ஓவர்ஹாலா, ஹாஃப்கட்டா, பெரிய இன்ஜினா?

பழைய நிஸான் சில்வியாவிலோ 180எஸ்எக்ஸிலோ கீழிருந்து டக் டக்கென்று ராட் சத்தம் கேட்க ஆரம்பித்தால், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆர்பி25 போடு என்பார் ஒருவர், 1ஜேஸட் போடு என்பார் இன்னொருவர். பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடை மேசையில் குதிரைத்திறன் ஏறிக்கொண்டே போகும். என் கருத்து வேறு. அந்தக் கார் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வர வேண்டிய கார் என்றால், அது எந்த இன்ஜினோடு பிறந்ததோ அதையே திரும்பப் போடுங்கள். பெரிய இன்ஜின் கடைசி யோசனையாக இருக்கட்டும்.

முதலில் உங்களிடம் இருப்பது எது என்று தெரிய வேண்டும். 1990 வரை வந்த எஸ்13 சில்வியா, 180எஸ்எக்ஸ் இரண்டிலும் டர்போ இன்ஜின் சிஏ18டிஇடி: 1,809 சிசி, இரும்பு பிளாக், டைமிங் பெல்ட், 175 குதிரைத்திறன். 1991 முதல் எஸ்ஆர்20டிஇடி: 1,998 சிசி, அலுமினிய பிளாக், டைமிங் செயின், 205 குதிரைத்திறன். எஸ்14இல் அது 220 ஆனது, எஸ்15இல் 250. அந்த எஸ்15 தயாரிப்பும் 2002 ஆகஸ்டில் நின்றுவிட்டது. ஆகவே எந்தக் கடையில் எந்த சில்வியா இன்ஜினை வாங்கினாலும் அதற்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. விற்பவர் "கிலோமீட்டர் கம்மி" என்று சொல்லும்போது இதை மனத்தில் வையுங்கள்.

ஓவர்ஹால் என்றாலே பலர் பின்வாங்குகிறார்கள். கார் மாதக்கணக்கில் பட்டறையில் கிடக்கும், கடைசியில் பில் எவ்வளவு வரும் என்று ஃபோர்மனுக்கே தெரியாது என்ற பயம். நியாயமான பயம்தான். அதனால் மொத்த வேலைக்கும் ஒரே விலை பேசாதீர்கள். ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றி, கிராங்க்கையும் சிலிண்டர் சுவரையும் அளந்து பார்க்கும் வரைக்கும் மட்டும் முதலில் கூலி பேசுங்கள். கிராங்க்கை கிரைண்ட் செய்தால் தேறுமா, 86 மில்லிமீட்டர் சிலிண்டரை 86.5க்கு போர் செய்தால் போதுமா என்று மெஷின் ஷாப் சொல்லிவிடும். ராட் உடைந்து பிளாக்கில் ஓட்டை போட்டிருந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். பிளாக் நன்றாக இருந்தால் ஓவர்ஹாலே என் முதல் தேர்வு. பிஸ்டன், பேரிங், கேஸ்கட் எல்லாம் எஸ்ஆருக்கு இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. உள்ளே என்ன போட்டோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். இன்ஜின் எண் மாறாததால் ஜேபிஜே வாசலுக்குப் போக வேண்டிய வேலையும் இல்லை. எஸ்ஆருக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. சுழற்சி வரம்பு மீறினால் ராக்கர் ஆர்ம் இடத்தைவிட்டுத் தெறித்துவிடும். ஹெட் திறந்திருக்கும்போதே ராக்கர் ஆர்ம் ஸ்டாப்பர் போட்டுவிடச் சொல்லுங்கள்.

பிளாக் தேறாவிட்டால் அடுத்தது ஹாஃப்கட். ஜப்பானில் கழித்துவிட்ட காரின் முன்பாதியை அப்படியே வெட்டி, கொள்கலனில் ஏற்றிக் கிள்ளான் துறைமுகத்தில் இறக்கும் வியாபாரம் இது. முழுக் காராக வந்தால் ஏபி அனுமதி தேவை. வெட்டி வந்தால் அது உதிரிப்பாகம். நமக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இன்ஜினோடு அதற்கே உரிய கியர்பாக்ஸ், வயரிங், இசியு, ஏர்ஃப்ளோ மீட்டர் எல்லாம் ஒரே காரிலிருந்து வருகின்றன. விலை குறைவு என்று வெறும் இன்ஜினை மட்டும் வாங்கிவிட்டு, வயரிங் ஒரு கடை, இசியு ஒரு கடை என்று அலைபவர்கள் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடையில் "எஸ்ஆர் டர்போ" என்று காட்டுவதெல்லாம் உங்கள் காருக்கானது அல்ல. புளூபேர்டிலும் பல்சர் ஜிடிஐ-ஆரிலும் எஸ்ஆர்20டிஇடி வந்தது, ஆனால் அவற்றில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். சில்வியாவில் நீளவாக்கில். அதை வாங்கினால் கியர்பாக்ஸ், சம்ப், மேனிஃபோல்ட் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும்.

வாங்கும் முன் ஓடவிட்டுப் பாருங்கள். ஹாஃப்கட்டைத் தரையில் வைத்தபடியே பேட்டரியும் பெட்ரோல் பாட்டிலும் இணைத்து ஸ்டார்ட் செய்து காட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம். நீங்கள் போய்ச் சேரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், தொட்டுப் பாருங்கள். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் காலை ஸ்டார்ட்டில் வரும் நீலப்புகையும் செயின் சத்தமும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். கம்ப்ரஷன் டெஸ்டில் நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஆயில் மூடியின் அடியில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். டர்போவின் தண்டு பக்கவாட்டில் இம்மியளவு அசைவது பரவாயில்லை, முன்னும் பின்னும் அசையக் கூடாது. கடை தரும் உத்தரவாதம் ஏற்றி இறக்கும் கூலியையும் சேர்க்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போதே ஆயில் சீல், வாட்டர் பம்ப், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இருபது வருட ரப்பரை நம்பிக் காராக் மேட்டில் ஏறுவது வேண்டாத சோதனை.

இப்போது தேநீர்க் கடைக் கட்சிக்கு வருவோம். ஸ்கைலைன் ஆர்33இன் ஆர்பி25டிஇடி 250 குதிரைத்திறன். டொயோட்டாவின் 1ஜேஸட்-ஜிடிஇ 280. இரண்டும் ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், உறுதியானவை. இரண்டுமே சில்வியாவுக்குள் போகும், பலர் போட்டிருக்கிறார்கள், அந்தச் சத்தத்தின் சுகத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் முன்சக்கரங்களின் மேல் பாரம் கூடுகிறது. மவுண்டிங், புரொபெல்லர் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர் எல்லாம் மாறுகின்றன. பிரேக்கை மாற்றாமல் விட்டால் அது ஆபத்து. சாலை வரியையும் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் செடானுக்கான விகிதப்படி 1,998 சிசி எஸ்ஆருக்கு ஆண்டுக்கு 379 வெள்ளி. 2,498 சிசி ஆர்பி25க்கு 878 வெள்ளி. 2,997 சிசி 2ஜேஸட் போட்டால் 2,122 வெள்ளி 50 காசு. செப்பாங் தடத்துக்காகவே ஒரு கார் வைத்திருப்பவர் ஆறு சிலிண்டர் போடட்டும். வீட்டில் அந்த ஒரே கார்தான் என்பவர் அந்தப் பணத்தை பிரேக்கிலும் கூலிங்கிலும் போடலாம்.

வீராக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புரோட்டான் வீரா மிட்சுபிஷி லான்சரின் அடித்தளத்தில் பிறந்தது. அதனால் ஈவோ 1, 2, 3இன் 4ஜி63 டர்போ அதற்கு இயல்பாகப் பொருந்தும். ஈவோ 4இலிருந்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் 180 டிகிரி திருப்பி வைத்துவிட்டார்கள். அதை வாங்கினால் வேலை வேறு. தினசரி ஓட்டத்துக்கு 1,834 சிசி 4ஜி93 டர்போ போதும்.

எதைப் போட்டாலும் இரண்டு விஷயங்கள் மாறாது. ஒன்று பெட்ரோல். இந்த இன்ஜின்களின் இசியு ஜப்பானின் ஹை ஆக்டேன் பெட்ரோலுக்காக அமைக்கப்பட்டது. நம்மூர் ரோன்95ஐ ஊற்றி டர்போவை முழுதாக அழுத்தினால் நாக்கிங் வரும், பிஸ்டனின் ரிங் பகுதி உடையும். குறைந்தது ரோன்97, அல்லது நம் பெட்ரோலுக்கேற்ப டியூன் செய்த இசியு. மற்றது சூடு. மாலையில் துன் சம்பந்தன் சாலையிலும், தீபாவளிக்கு முந்தைய வாரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் நகராமல் நிற்கும்போது காற்றோட்டமே இருக்காது. ரேடியேட்டரும் ஃபேன் கிளட்ச்சும் புதிதாக இருக்கட்டும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்ஜின் எண் கிராண்டில் பதிவாகியிருக்கிறது. வேறு இன்ஜின் போட்டால் ஜேபிஜே அனுமதி, புஸ்பாகோம் சோதனை, பிறகு கிராண்டில் திருத்தம். இதற்கு இன்ஜின் எண் எழுதிய ரசீதும் சுங்க இறக்குமதிப் பத்திரமும் தேவைப்படும். பணம் கொடுக்கும் முன்பே இரண்டையும் கையில் வாங்குங்கள். தர முடியாது என்கிற கடையில் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள். பதியாத இன்ஜினோடு விபத்தில் சிக்கினால் காப்புறுதி இழப்பீடும் சிக்கலாகும். காரை விற்கப் போகும்போதும் அதே எண்தான் தடையாக நிற்கும்.

பழைய பிளாக்கைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். இரும்புக்கடை விலைக்கு அதைக் கேட்பவர்கள் இருப்பார்கள். ஓட்டை விழாத எஸ்ஆர் பிளாக்காக இருந்தால் ஆயில் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி வீட்டில் வையுங்கள். கையில் பணம் சேரும்போது அதை ஓவர்ஹால் செய்துகொள்ளலாம்.