பேபி சீட்டைத் தூக்கிக்கொண்டு கார் பார்க்கப் போனேன்

மகன் பிறந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர்தான். மனைவிக்குத் தாய்வீடு பெரம்பலூர். ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் திருச்சிக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. அதற்குள் ஒரு கார் வாங்கிவிட வேண்டும். கையில் நாலரை லட்சம். அதில் ஒன்றரை லட்சம் மனைவியின் சேமிப்பு என்பதால், ஏமாந்து வந்தால் கேட்க ஆள் இருந்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "டீசல் எடு, மைலேஜ் அள்ளும்." "டிக்கி பெருசா இருக்கற வண்டியா பாரு." எல்லா யோசனையும் ஸ்டீயரிங் பிடிப்பவரை மனத்தில் வைத்துச் சொன்னவை. பின்சீட்டில் உட்காரப் போகிற இரண்டு பேரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை. தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர்தான், "கார் வாங்குறீங்களா? முதல்ல பேபி சீட் வாங்குங்க" என்றார். 6,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். 13 கிலோ வரை தாங்குவது. காரின் சீட் பெல்ட்டை அதன்மேல் சுற்றி மாட்ட வேண்டும். குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்கும். கைக்குழந்தையின் கழுத்து இன்னும் உறுதிப்படாதது. முன்பக்க மோதலில் தலை முன்னால் வெட்டி இழுக்கப்படாமல் இருக்கையே முதுகையும் தலையையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ளும்.

சீட்டை வாங்கிய பிறகுதான் அது காரில் பொருந்துமா என்ற சந்தேகம் வந்தது. அதனால் கார் பார்க்கப் போன இடத்துக்கெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் ஊர்ப் பக்கம் பழைய கார் விற்கும் இடத்துக்குக் கன்சல்டிங் என்று பெயர். வெறும் பேபி சீட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஒருவனை அதுவரை எந்தக் கன்சல்டிங்கும் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒரு பையன், "பாப்பா எங்க சார்?" என்று கேட்டே விட்டான்.

நாலு வாரத்தில் பதினொரு கார் பார்த்தேன். மூன்றில் பின்சீட் பெல்ட்டின் பக்கிளையே காணோம். சீட் கவர் தைத்தவர்கள் உள்ளே தள்ளி மூடிவிட்டார்கள். பின்னால் யார் பெல்ட் போடப் போகிறார்கள் என்ற தைரியம். இரண்டில் பெல்ட் நீளம் எட்டவில்லை. ஒரு சின்னக் காரில் சீட் உட்கார்ந்தது, ஆனால் அதற்காக முன்சீட்டை நகர்த்திய நகர்த்தலில் அதில் உட்கார்பவர் முழங்காலை டாஷ்போர்டில் முட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெட்ரோலா டீசலா, வெள்ளையா சிவப்பா என்பதெல்லாம் இதற்குப் பிறகு பேச வேண்டியவை.

ஐந்தாயிரம் ரூபாய் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். 2015 மாடல் செடான், சென்னைப் பதிவு, 41,000 கிலோமீட்டர், "டாக்டர் யூஸ் பண்ண வண்டி சார்." உள்ளே நல்ல மணம். அந்த மணமே என்னை எச்சரித்திருக்க வேண்டும். "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்று சொன்னதும் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் பேபி சீட்டை வைத்துப் பார்த்தேன். பெல்ட் எட்டுமா என்று கடைசி வரை இழுத்தபோது, சுருளுக்குள்ளேயே இருந்து வெளிச்சம் பார்க்காத பகுதியில் ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே எல்லாம் தேநீர்க் கறை மாதிரி நிறம். டிக்கி கார்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னிக்கு அடியில் விரலை விட்டேன். நைஸான வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. "அது வாட்டர் வாஷ் தண்ணி சார்" என்றார் கன்சல்டிங்காரர். டோக்கன் திரும்பி வரவில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் சீட்டைக் கழற்றிக் காயவைக்கலாம், கார்பெட்டை மாற்றலாம். வயரிங் கனெக்டருக்குள் போன ஈரம் மட்டும் உள்ளிருந்தே அரிக்கும். இன்றைக்கு ஓடும், ஆறு மாதம் கழித்து ஏர்பேக் விளக்கில் ஆரம்பிக்கும். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு தனியாகப் போவதை நிறுத்தினேன். தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒரு வண்டிக்கு 1,500 ரூபாய் என்று கூட வந்தார். முதல் நாள் இரவே போன் செய்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார். போனதும் பானட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. அடுத்து என்ஜினைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை உரித்தார். கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் உள்ளே சீரான இடைவெளியில் பொட்டு வைத்த மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கம் அடிபட்டு, டிங்கரிங் செய்து, பட்டி பூசியிருக்கிறார்கள். "என்ஜினைச் செஞ்சுக்கலாம் தம்பி. பில்லர் அடிபட்டிருந்தா அவ்வளவுதான். உம் பையன் அதுக்குப் பக்கத்துலதான உக்காருவான்?" என்றார்.

மாடல் வருடத்தை நான் முதலில் விலையாக மட்டுமே பார்த்தேன். அதற்குள் வேறு கணக்கும் இருக்கிறது. நம் நாட்டில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில். அதற்கு முந்தைய காரில் இவை இருப்பதும் இல்லாததும் வேரியன்டைப் பொறுத்தது. ஒரே வருடம், ஒரே பெயர், ஒரே நிறம். ஒன்றில் இரண்டு ஏர்பேக், பக்கத்தில் நிற்பதில் ஒன்றுகூட இருக்காது. "இருக்கு சார்" என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம், அது இன்னும் மோசம்.

இப்படிச் சலித்துச் சலித்துக் கடைசியில் நான் எடுத்தது 2017 மாடல் டொயோட்டா எட்டியாஸ் லிவா, பெட்ரோல், 3.85 லட்சம். ஆசைப்பட்டு வாங்குகிற கார் இல்லை. முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு பெரிய வைப்பர். 2020-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பின்சீட்டுக்குத் தனி ஏசி வென்ட் கிடையாது. ஆனால் 2016 பிற்பகுதியில் வந்த மாடலிலிருந்து எல்லா வேரியன்டிலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ், ஐசோஃபிக்ஸ் மூன்றும் உண்டு. ஐசோஃபிக்ஸ் என்பது பின்சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் கைக்குத் தட்டுப்படும் இரும்பு வளையங்கள். அடுத்த அளவு பேபி சீட்டைப் பெல்ட் இல்லாமல் அதில் 'டக்'கென்று பூட்டிவிடலாம். 2016-ல் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு மோதிப் பார்த்ததில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்புக்கு 2 வாங்கிய கார் இது. இரண்டாவது எண்ணை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார், நாமே தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்பக்கத் தரை மேடு இல்லாமல் கிட்டத்தட்டச் சமமாக இருந்ததும் ஒரு காரணம். பேபி சீட்டை ஓரத்தில் மாட்டிவிட்டு, மனைவி நடுவிலும் தள்ளி உட்கார முடிகிறது. ஏசியை மத்தியானம் இரண்டு மணிக்கு, காரை வெயிலில் நிறுத்தி, பின்சீட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்து சோதித்தேன். காலை ஏழு மணிக்கு எந்தக் காரின் ஏசியும் நல்ல ஏசிதான்.

எட்டியாஸ் குடும்பத்தில் ஒரு தொல்லை உண்டு: டி போர்டாக, அதாவது டாக்ஸியாக ஓடிவிட்டு, சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்றப்பட்ட வண்டிகள். மீட்டர் 50,000 காட்டும்; பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். மீட்டரைத் திருப்பியவர் ரப்பரை மறந்திருப்பார். வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேட்டேன். கிலோமீட்டர் ஒத்துப்போனது.

பேப்பர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்சியில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. கடன் வண்டியாக இருந்தால் ஃபார்ம் 35-ம் வங்கியின் என்ஓசியும். கட்டாத அபராதம் உண்டா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அதனால் பிரீமியம் கூடும். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்பவரிடம் பெயர் மாறும் வரை பத்தாயிரமாவது நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்தேன், மூன்றே வாரத்தில் மாறியது.

கார் வாங்கிய மறு மாதமும் பணம் போகும். டயர் நான்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் படித்தால் 2317. அதாவது 2017-ன் 23-வது வாரம். ஏழு வருட ரப்பர். அதை மாற்றியது, பேட்டரி, இன்சூரன்ஸ், ஆயில் சர்வீஸ் என்று 41,000. நாலரை லட்சம் இருக்கிறதே என்று நாலரைக்கே வண்டி எடுத்திருந்தால் அதே டயரில்தான் பிள்ளையை ஏற்றியிருப்பேன்.

அழைத்து வந்த நாளில் மாமியாருக்கு மட்டும் பேபி சீட் பிடிக்கவில்லை. "கைப்புள்ளைய கட்டிப் போடுவாங்களா மாப்ள? நான் மடியில வச்சுக்கறேன்." பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ பேபி சீட்டோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய சட்டத்தைச் சொன்னேன். எடுபடவில்லை. வேகமாகப் போகிற வண்டி ஏதாவதொன்றில் மோதி நின்றால், எப்பேர்ப்பட்ட கையாலும் பிடித்து வைக்க முடியாது என்று மனைவி சொன்னாள். அதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்சீட்டில் வைக்கலாமா என்றும் கேட்டார். முன்னால் ஏர்பேக் இருக்கிறது. பின்பார்த்த சீட்டின் முதுகிலேயே அது வந்து அறையும், கூடவே கூடாது. கடைசியில் அவரைப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தோம். சமயபுரம் டோல்கேட் வருவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். லிவாவில் ஸ்பீடோமீட்டர் டாஷ்போர்டின் நடுவில் இருக்கும், பின்னாலிருந்தும் தெரியும். எண்பதைத் தொட்டபோதெல்லாம் மனைவி தொண்டையைச் செருமினாள்.

மகனுக்கு அந்த சீட் இப்போது சின்னதாகிவிட்டது. ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு ஐப்பசியில் குழந்தை, அவரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் கார் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு கன்சல்டிங் போகிறார்.